கருக்குச் சீவிய மட்டைகள்

தங்கச்சிமடத்தில்
தார்ச்சாலைக்கும் கடலுக்கும் நடுவே
எங்கள் கொல்லை, ஏழு சென்ட் மணல்.
வடக்கே போனால் வேன்.
தெற்கே போனால் ஆமை முட்டை.

டீசலை மார்கழியில் வேன் அடித்தது.
தீர்த்தமாட வந்தவர்கள்.
இறங்கிப் பார்த்தார்கள், அதுவரை சரி.
மிச்சமிருப்பது முரலும் மடவையும்.
முரலுக்கு மூக்கு நீளம், தாவும்.
மடவை குட்டை, தோண்டும்.
ஒரே வேலி இரண்டுக்கும் ஆக வேண்டும்.

மாசியில் வனக்காவலர் தவசியாண்டி வந்து நின்றார்,
கையில் கிழிந்த முட்டைத் தோல்.
"அடுத்த தடவ எழுதிருவேன்க்கா."
எழுதவில்லை. மோர் குடித்தார்.
மடவை அவர் செருப்பை மோந்துகொண்டிருந்தது.

உடைமுள் வெட்டிப் போடு, காசில்லை
என்றாள் அடுத்த வீட்டு பெர்னதெத்து.
போன வருஷம் டீசல் பாதத்தில் ஏறியது அவள் வீட்டு முள்தான்.
அதை நான் சொல்லவில்லை.

முள்கம்பி கார்மேகம் கடையில் சுருளாகத் தொங்கியது.
முரலின் வயிற்றுத் தோல் மெல்லிசு,
விளக்கு வெளிச்சத்தில் நரம்பு தெரியும்.
விலை கேட்காமல் திரும்பினேன்.

பழைய வலை வீட்டிலேயே கிடக்கிறது, நாற்பது பாகம்.
லியோன் சிரித்தான்.
"வலை தடுக்காதுடி, பிடிக்கும்.
செவுள்ல மாட்டுனா மீனு, கழுத்துல மாட்டுனா நாயி.
ரெண்டும் முன்னாலதான் முட்டும்,
பின்னால வரத் தெரியாது."

கட்டம்போட்ட கம்பிவலை நல்லதென்று
மாதிரிக்கு ஒரு முழம் வெட்டிக் கொடுத்தனுப்பினார் கார்மேகம்.
உப்புக்காற்றில் ரெண்டு மழை தாங்கும்,
பச்சை பிளாஸ்டிக் பூசியதென்றால் நாலு.
லியோன் அதை வாங்கி
ஒரு கட்டத்துக்குள் விரல் விட்டான்.
எடுத்தான்.
"கம்பி வேணாம்."
யாழ்ப்பாணத்தில் நாற்பத்தொரு நாள் இருந்துவிட்டு வந்தவன்.
அங்கே எப்படி என்று நான் கேட்டதில்லை,
அன்றைக்கும் கேட்கவில்லை.
அந்த ஒரு முழத்தில் இப்போது கருவாடு காய்கிறது.

சாயல்குடியிலிருந்து காட்டுராசா
லோடு ஆட்டோவில் பனைமட்டை இறக்கினார், முந்நூற்றிருபது.
இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பப்பல்.
"அப்படியே நடுங்க, ஒரு பய உள்ள வரமாட்டான்."
உள்ளே வருகிறவனைப் பற்றி யார் பேசினார்கள்?

மூன்று நாள் அரிவாளும் கையுமாகக் கருக்குச் சீவினேன்.
உள்ளங்கையால் தடவி,
அது காய்ப்பேறிய கை, நம்பக்கூடாதென்று
கன்னத்தை வைத்துப் பார்த்து.

இடைவெளி அளக்க மடவையின் தலையைப் பிடித்தேன்.
விளையாட்டென்று நினைத்தது.
தலை நுழைகிற சந்தில் கழுத்து மாட்டும்.
முழுக்க அடைத்தாலோ
காணாததற்கெல்லாம் குரைக்கும்.
ஒரு கண் வேண்டும், ஒரு மூக்கு வேண்டும்.
என் மூன்று விரல் என்று முடிவானது.

உயரம் லியோனின் தோள்வரை, முரலுக்காக.
குறுக்கு மூங்கில் வெளிப்பக்கம்;
உள்ளே கட்டினால் அது ஏணி.

அடியில்தான் மடவை.
மணல் யார் சொன்னாலும் கேட்கும்.
உடைந்த நண்டுப் பெட்டிகளை வெட்டி,
ஓரங்களைத் தீயில் காட்டி மழுக்கி,
உள்பக்கமாக ஒரு முழ அகலம்
மண்ணுக்குள் படுக்கவைத்தோம்.
நாய் வேலியின் காலடியிலேயே தோண்டும்.
ஒரு முழம் பின்னால் வந்து தோண்ட
அதற்குத் தோன்றாது.
வலையைப் பற்றி லியோன் சொன்னதேதான்.

கதவுக்குக் கொண்டி போட்டோம்.
மறுநாளே முரல் மூக்கால் தூக்கியது.
இப்போது படகுக்குப் போடுகிற முடிச்சு.
அவிழ்க்க எனக்கே நேரமாகிறது.

முதல் ராத்திரி இரண்டும் வேலியோரமாக
நடந்தன, நடந்தன.
விடியும்போது கடல்பக்க மூலையில்
இரண்டு பள்ளம், படுத்த சூடு ஆறாமல்.
ஒரு சந்தின் இருபக்க மட்டையிலும் மூக்கு ஈரம்.

லியோன் மூன்று மணிக்கே கடலுக்குப் போய்விட்டான்.
அங்கேயும் ஒரு கோடு இருக்கிறதாம்,
பெட்டியில் காட்டுமாம்,
பேட்டரி இருந்தால்.
பேட்டரியைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

திரும்பி வந்து மட்டைகளைத் தடவிக்கொண்டே நடந்தேன்.
பதினேழாவதில் ஒரு பல் விட்டுப்போயிருக்கிறது.
அரிவாளை எங்கே வைத்தேன்?