பாக்கி

கருமாத்தூர் வளைவில் ஒச்சப்பன் பிரேக் போட்டபோது
என் வலது கை பின்கண்ணாடிக்குள் போய்விட்டு வந்தது.
யாரோ தோள் துண்டை அவிழ்த்துக் கட்டினார்.
பச்சைக் கரைத் துண்டு. இன்னும் திருப்பித் தரவில்லை.

விரல்கள் இருந்தன.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்
மூன்றும் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தன.
பைக்குள் விட்டால்
ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒன்று,
சில்லறையும் சாவியும் ஒன்று.
பதினேழு வருஷம் பார்க்காமல் எண்ணிய கை.
டீ கிளாஸ் சுட்டதைத்
தோல் வெந்த பிறகு காந்திமதி சொல்லித்தான் அறிந்தேன்.

டாக்டர் மெஹருன்னிசா படம் வரைந்தார்,
என் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்.
"கெட்டுப்போன நரம்ப வெட்டி எடுத்தா
நடுவுல நாலு சென்டிமீட்டர் காணாது.
இழுத்துத் தச்சா தாங்காது.
உங்க கெண்டைக்கால்லருந்து எடுக்கலாம்,
பாதத்தோட ஓரம் மரத்துப்போகும்."
நான் என் கால்களைப் பார்த்தேன்.
நின்றே பிழைக்கிற கால்கள்.
அவரும் பார்த்தார்.
"இல்லன்னா, இன்னொருத்தர் குடுத்தது இருக்கு."

இறந்துபோன ஒருவரின் நரம்பு.
கழுவி, அவர் என்று சொல்ல இருந்ததையெல்லாம் கழுவி,
வெறும் உறையாய் மிஞ்சியது.
உறைபனிப் பெட்டியில் வந்தது.
பெயர் கேட்டேன். எண் இருக்கிறது என்றார்கள்.
குறித்துக்கொண்டேன். பழக்கதோஷம்.

முடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்களாம்.
கை மரத்திருந்தது, காது மரக்கவில்லை.
செல்லூர்ப் பாலத்து நெரிசலை
யாரோ கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
அவ்வளவுதான் வளருமாம் நரம்பு.
பெரியாரில் எடுத்தால் ஒன்றரை மணியில்
உசிலம்பட்டி காட்டுகிறவன் நான்.
இது என்ன வண்டி?

ஃபிசியோதெரபி ஜெசிந்தா
மணிக்கட்டிலிருந்து தட்டிக்கொண்டே வருவாள்.
சுரீர் என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு.
என் கையில் ஸ்டேஜ் விழத் தொடங்கியது.
பங்குனியில் காளவாசல்.
வைகாசியில் நாகமலை புதுக்கோட்டை.
ஆடி முழுக்கச் செக்கானூரணியிலேயே நின்றது.
இறங்கித் தள்ளவும் வழியில்லாத வண்டி.

அந்த ராத்திரிகளில் கேட்டிருக்கிறேன்:
ஐயா, அல்லது அம்மா,
நீங்கள் எந்த ஊர்?
இது உங்கள் கையில் இருந்ததா காலில் இருந்ததா
என்பதுகூட எனக்குத் தெரியாது.
என் வண்டியில் ஏறியிருப்பீர்களோ?
சில்லறை இல்லையென்று
நடு ரோட்டில் இறக்கிவிட்டிருப்பேனோ?
முகூர்த்த நாள் கூட்டத்தில் நான் நல்லவன் இல்லை.
டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு
இறங்கும்போது கேளுங்கள் என்பேன்,
கேட்க மறந்தவர்களைக்
கூப்பிட்டதும் உண்டு,
கூப்பிடாததும் உண்டு.

ஐப்பசியில் வந்தது. தப்பாக வந்தது.
சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரல் என்ன என்கிறது.
முன்படியில் ஏறியவன்
பின்படியில் டிக்கெட் கேட்கிறான்.
மூளைக்குப் பழகணும் என்றாள் ஜெசிந்தா.
ஒரு டப்பா அரிசியில் எதையெதையோ புதைத்து
கண்ணை மூடித் தேடச் சொன்னாள்.
பொத்தான். சரி.
புளியங்கொட்டை. சரி.
சாக்பீஸ் என்றேன். பேட்டரி.

நேற்று டிப்போவில் மேசை வேலை.
யாரும் பார்க்காத நேரம்
பழைய தோல்பையை மடியில் வைத்துக் கைவிட்டேன்.
குளிர்ச்சியாய் ஒன்று. வட்டம். மெல்லிய விளிம்பு.
இரண்டு ரூபாய் என்றேன், சத்தமாக.

எடுத்துப் பார்த்தேன்.
ஒரு ரூபாய்.

உள்ளே போட்டுக் குலுக்கினேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.