நிலுவையில்

ஞாயிற்றுக்கிழமை. நடைபாலத்தில் கூட்டமில்லை.
மிசௌரி ஆற்றில் பனிக்கட்டிகள்
தட்டுத் தட்டாய்த் தெற்கே போகின்றன,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

பாலத்தின் நடுவே ஒரு கோடு.
கிழக்கே அயோவா, மேற்கே நெப்ராஸ்கா.
மேரன் அதன்மேல் காலை அகட்டி நிற்கிறாள்.
"அம்மா, நான் இப்போ ரெண்டு இடத்திலயும் இருக்கேன்."
சிவப்பு பூட்ஸில் ஒன்று
நீதிபதியின் உத்தரவுக்கு உட்பட்டது.
மற்றது மீறிவிட்டது.

இடைக்கால உத்தரவு, பக்கம் மூன்று, பத்தி ஏழு:
மைனர் குழந்தையை
மறுதரப்பின் எழுத்துபூர்வச் சம்மதமின்றி
மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது.
மறுதரப்பு என்றால் டேரல்.
எட்டு வருடம் கட்டிலின் மறுபுறம் கிடந்தவனுக்கு
இவ்வளவு பொருத்தமான பெயர்
எனக்குத் தோன்றியதே இல்லை.

வக்கீல் வோபால்கா
ஆறு நிமிடத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறாள்.
அதனால் அழுகையைப் பார்க்கிங்கிலேயே
முடித்துவிட்டுத்தான் மாடியேறுவேன்.
ஸ்காட்ஸ்பிளஃப் ஏழு மணி நேரத் தூரம்,
ரோண்டா அக்கா வீட்டில் ஓர் அறை,
சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை,
முதல் தேதிக்குள் சேர வேண்டும் என்றேன்.
"இப்போது கிளம்பினால் வீடு மாறினாள் என்று எழுதமாட்டார்கள்,
கடத்தினாள் என்று எழுதுவார்கள்."
விசாரணையைத் தள்ளித் தள்ளி
நாள் கடத்துகிறவர்கள் அவர்கள்.
கடத்தல்காரி நான்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில்
ஒரு சின்ன ஊர் இருக்கிறது.
முன்பு ஒரு வெள்ளத்தில் ஆறு தடம் மாறி
அதை நெப்ராஸ்கா பக்கம் விட்டுவிட்டது.
ஊர் அசையவில்லை. ஆறுதான் போனது.
பதினைந்து வருடம் கழித்து கோர்ட் சொன்னது,
ஊர் அயோவாவுக்கே சொந்தம் என்று.
ஆற்றை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

டேரல் கெட்டவனில்லை. அதுதான் சிக்கல்.
அவள் கேட்டாளென்று
வெங்காய வளையத்துக்குள் முட்டை உடைத்து ஊற்றி
வட்டமாய்ப் பொரித்துத் தருகிறவன்.
போன மாதம் என் ஹீட்டர் நின்றபோது
அவன்தான் வந்து சரிசெய்தான்.
கூடத்தில் இருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
நான்காம் நாள் அவன் வக்கீலின் கடிதத்தில்
பதினான்கு பெட்டிகள் என்றிருந்தது.
நான் எண்ணிப் பார்த்தேன்.
பதினான்குதான்.

வழக்கு நிலுவையில்.
வாடகை நிலுவையில்.
மேரனின் மேல்பல் ஒன்று
ஒற்றை நூலில் ஆடிக்கொண்டு, அதுவும் நிலுவையில்.
"விழுந்தா எந்த வீட்டுத் தலையணைக்கு அடியில வைக்கணும்?"
எங்கே விழுகிறதோ அங்கே.
"பாலத்துல விழுந்தா?"
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவள்
என்ன பதில் சொல்ல?
பார்த்து நட, என்கிறேன்.

அவள் நடக்கவில்லை.
இரண்டு காலையும் சேர்த்து மேற்கே குதித்து
ஓடுகிறாள், கைப்பிடிக் கம்பிகளைத் தட்டிக்கொண்டே.
திரும்பி வா என்று கூப்பிட வேண்டும்.
எனக்கும் ஓர் ஆறு நிமிடம் ஆகட்டும்.

போன் அதிர்கிறது. டேரல்.
"காத்து பலமா இருக்கு. தொப்பி போட்டிருக்காளா?"
போட்டிருக்கிறாள் என்று அடித்து அனுப்புகிறேன்.
எந்தக் கரையில் என்று அவன் கேட்கவில்லை.
தொப்பி என் பையில் இருக்கிறது.
அதை எடுத்துக்கொண்டு
கோட்டைத் தாண்டிப் போகிறேன்.