எங்கே கரண்ட் நிற்கிறது

கிண்டிக்கு ஒரு வருடம் தாமதமாக வந்தேன்.
ரயில் காரணமில்லை.
கும்மிடிப்பூண்டி வண்டி அன்றைக்கும்
ஏழு நிமிடம்தான் லேட்.

விசாரிக்க வந்தவர் நின்றபடியே கேட்டார்:
எலி பிடிப்பீங்களா? பாம்பு?
என்ன சாமி கும்பிடுவீங்க?
அப்பா சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு
சென்ட்ரிங் வேலைக்குப் போறேன் சார் என்றார்.
அவர் எழுதிக்கொண்டார்:
பழக்கவழக்கங்கள் தென்படவில்லை.
என் மார்க்கைப் பார்த்துவிட்டு
இன்னொரு வரி எழுதினார்.
அதை எங்களுக்குக் காட்டவில்லை.

சான்றிதழைப் பதிவேற்றுக என்றது திரை.
நேரம் முடிந்தது என்றும்
அதுவேதான் சொன்னது.

அந்த வருடம் ரிச்சி தெரு.
மாடிப்படிக்கு அடியில் மூன்றடி மேசை,
நாளுக்கு நானூறு,
கடைக்காரர் ஹபீப் பேசவே மாட்டார்.
மழையில் நனைந்தது, கழிப்பறையில் விழுந்தது,
யார் மேலோ கோபத்தில் சுவரில் எறிந்தது,
சென்னையின் செத்த போன்களெல்லாம்
என் முன்னால் வந்து மல்லாந்து படுத்தன.
எங்கே கரண்ட் நிற்கிறது,
அவ்வளவுதான் வேலை.
மல்டிமீட்டர் முனையை வைத்து வைத்து நகர்வேன்.
இங்கே இருக்கிறது.
இங்கே இருக்கிறது.
இங்கே இல்லை.

மனுவையும் அப்படித்தான் தேடினேன்.
வி.ஏ.ஓ. மேசையில் இருந்தது.
தாசில்தார் மேசையில் இருந்தது.
கோட்டாட்சியர் அலுவலகத்தில்
அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே
நாலு விரல் இடைவெளி உண்டு.

ஈயம் நூற்று எண்பத்து மூன்று டிகிரியில் உருகும் என்று
பிறகு பாடத்தில் படித்தேன்.
எண் தெரியாமலே என் கட்டைவிரலுக்கு
ஏற்கெனவே தெரிந்திருந்தது.
முதல் நாள் ஆய்வகத்தில் தொட்டதும்
கொலுசு மணிபோல் வந்து உட்கார்ந்தது சொட்டு.
கோச்சிங் போனியா என்றாள்
பக்கத்து மேசை பிரணீதா.
ஒரு வருஷம்.
எங்கே?
பாதி நாள் ரிச்சி தெரு,
பாதி நாள் கோட்டாட்சியர் ஆபீஸ்.
சிரித்தாள். நானும்.

விடுதியில் இன்னொருத்தி சொன்னாள்,
உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே.
பாராட்டாகத்தான் சொன்னாள், பாவம்.
அவளும் அந்த விசாரணை அதிகாரியும்
ஒரே படத்தை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.
அதில் நாங்கள் யாரும் இல்லை.
சென்ட்ரிங் பலகை இல்லை.
கால்குலேட்டர் இல்லை.

தம்பி கன்னியப்பன் இப்போது பிளஸ் டூ.
அவனுடைய மனு ஆறு மாதமாக
எந்த மேசையில் என்று தெரியவில்லை.
சனிக்கிழமை லீவு போட்டு ஊருக்குப் போகிறேன்.
பையில் ரெக்கார்டு நோட்டு, மாற்றுத் துணி,
மல்டிமீட்டர்.

இது எதுக்குடி என்றாள் பிரணீதா.

பழக்கம் என்றேன்.