உள்பட்டை

மழை பெய்தால் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை.
கூலி இல்லாத நாளில்
குலசேகரம் கிளை நூலகத்தில்
ஓடாத மின்விசிறிக்குக் கீழே
எனக்கொரு நாற்காலி உண்டு.

அந்தப் புதன்கிழமை விடியலில்
நாற்பதாவது மரத்தில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது.
சிரட்டையில் விழுந்த பால்
தண்ணீரோடு தண்ணீராக வழிந்து
கோதையாற்றுப் பக்கமாகப் போயிற்று.

செய்தித்தாள் தீர்ந்தது. வார இதழும் தீர்ந்தது.
மிஞ்சியது அட்டை போன ஆங்கில அகராதி.
பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற என் ஆங்கிலம்
துருவேறிய கத்தி, தீட்டினால் வெட்டும்.
எதைத் தேடுவதென்று தெரியாமல்
வாசல் பலகையில் இருந்த சொல்லையே தேடினேன்:
லைப்ரரி.

லத்தீனில் லிபர் என்றொரு சொல்லாம்.
லிபர் என்றால் புத்தகம்.
புத்தகம் என்று ஒன்று வருவதற்கு முன்னால்
லிபர் என்றால்
மரத்தின் உள்பட்டை.

சிரித்துவிட்டேன்.
ஞானதாஸ் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

உள்பட்டையை எனக்குத் தெரியும் சார்.
பதினாறு வருஷப் பழக்கம்.
வெளிப்பட்டை வெறும் மொரமொரப்பு,
அதில் ஒன்றும் கிடையாது.
பால் ஓடுவது அதற்கு உள்ளே, மெத்தென்ற இடத்தில்.
அதையும் தாண்டினால் தடி.
தடியில் கத்தி பட்டால் மரம் மறக்காது,
அந்த இடம் முண்டுமுண்டாக வீங்கிக் கிடக்கும்,
கங்காணி வந்து யார் வெட்டு என்று கேட்கும்வரை.

என் பிளாக்கில் முன்னூற்றுப் பத்து மரம்.
மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி.
இடப்பக்கம் மேலே தொடங்கி
வலப்பக்கம் கீழே சாயும்.
தமிழும் அந்தத் திசையில்தான் போகிறது, ஆங்கிலமும்.
முந்தாநாள் வரியைச் சீவி எறிந்தால்தான்
இன்றைய வரிக்கு இடம்.
வாசிப்பது யாரென்று கேட்டால்
டயர் கம்பெனிக்காரர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அகராதியில் கீழே இன்னொரு லிபர் இருந்தது.
விடுதலையானவர் என்று பொருள்.
பார்க்க ஒன்று, உறவு கிடையாது.
அங்கே முதல் உயிர் குறில், இங்கே நெடில்,
பல்லும் பாலும் மாதிரி.
இரண்டையும் குழப்பி
'நூல் என்றாலே விடுதலை' என்று மைக்கில் முழங்க
ஆண்டு விழாவுக்கு ஒருவர் வருவார்.
கைதட்டும் விழும்.
எனக்குப் பட்டை போதும்.

நம்மவர்கள் பனையிடம் போய் ஓலையை வெட்டினார்கள்.
அவர்கள் ஏதோ ஒரு மரத்திடம் போய்ப் பட்டையை உரித்தார்கள்.
மரத்திடம் யாராவது கேட்டார்களா
என்று எந்த அகராதியிலும் இல்லை.
நானும் கேட்டதில்லை.

பக்கத்தைத் திருப்பினேன், வரவில்லை.
எவ்வளவு கழுவினாலும்
நகக்கண்ணில் கொஞ்சம் பால் மிஞ்சும்.
இழுத்தேன்,
ஓரம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து வந்தது.

"விஜிலா, இது ரெஃபரன்ஸ் புக்காக்கும்."
"தெரியும் சார்."
"கவர்மென்ட் சொத்து."
"மரமும் கவர்மென்ட் மரந்தான் சார்."

பதிவேட்டை எடுத்தார்.
சேதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
கரையான், ஒழுக்கு என்றே எழுதிப் பழகிய பேனா
கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
"பால்னு போடுங்க சார்."
போட்டார்.
இருபது ரூபாய்.
வெயில் வந்ததும் தருகிறேன் என்றேன்.

பேச்சிப்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
ஷட்டரை இறக்கியும் சாரல்.
விரல் நுனியில் காய்ந்திருந்ததை உரித்தேன்.
வெங்காயத் தோலைவிட மெல்லிசு.
அதில் என் ரேகை இருந்தது.
ரேகைக்கு மேலே
அகராதியின் மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது,
தலைகீழாக,
ஒன்றரை எழுத்து.

எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று தெரியவில்லை.
திற்பரப்பு விலக்கு வரை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனேன்.