ஒன்று என்றால் இல்லை

நகராட்சியிலிருந்து கடிதம்: நூலகக் கணினிகளில்
மறைநிலைச் சாளரம் இனி கூடாது.
ஐந்து கணினிகள். ஐந்துக்கும் ஒரே வரி.
சுழியம் என்றால் இருக்கிறது. ஒன்று என்றால் இல்லை.
எழுதியவனுக்கு அதில் ஏதோ நியாயம் இருந்திருக்கும்.
ஒன்றைத் தட்டினேன்.
தொப்பியும் கண்ணாடியுமாய்ப் பட்டியலில் நின்ற ஆள்
சொல்லிக்கொள்ளாமல் போனான்.

"சின்னப் பையன்களுக்காகத்தான்" என்று
கையெழுத்துப் போட்டாள் ஹல்பெரா.
பையன்கள் கைபேசியில் பார்ப்பார்கள் என்பது
அவளுக்கும் தெரியும்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஈசாஃபியோர்துர், மலைகளின் இடுக்கில்.
நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
ஜனவரி கடைசியில்தான் எட்டிப் பார்க்கும்.
மருந்துக்கடையில் நீ இருமினால்
துறைமுகத்தில் உடம்பு எப்படி என்பார்கள்.
இவ்வளவு இருட்டு இருந்தும்
ஒதுங்க ஒரு மறைவு கிடையாது.

செவ்வாய்தோறும் மீன் ஆலையிலிருந்து வருவாள் போஷெனா.
மூன்றாம் கணினி. கையுறையைக் கழற்றி மடியில் வைப்பாள்.
அன்று அந்த மூன்று புள்ளிகளை அழுத்தினாள்.
மறுபடி அழுத்தினாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் அச்சுப்பொறிக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே அடுக்கிய தாளை.
அவள் கேட்கவில்லை. கேட்டால், எதற்கு என்று வரும்.

அடைக்கும் நேரம்.
பார்க்கக்கூடாதென்று எந்தக் கடிதத்திலும் இல்லை.
பார்த்தேன்.

வானிலை.
வானிலை.
வானிலை, வியாழன்.
தெற்கே போகும் மேட்டுச் சாலை, காற்று, விநாடிக்கு எத்தனை மீட்டர்.
அதே சாலை, விடிகாலை நான்கு மணி.
குழந்தை இருக்கை, பழையது, விலை.
மீண்டும் வானிலை.

அவள் கணவன் என்னோடு கைப்பந்து ஆடுகிறவன்.
நல்ல ஆட்டக்காரன்.
கைக்கு வந்ததை விடமாட்டான்.

ஒன்றைச் சுழியமாக்க எனக்கு அதிகாரம் இல்லை.
பொய். அதிகாரம் இருந்தது.
வரலாற்றை மட்டும் அழித்தேன். கணினி கேட்டது:
கடந்த ஒரு மணி நேரமா, ஒரு நாளா,
தொடக்கத்திலிருந்தா?
தொடக்கத்திலிருந்து.

புதன் இரவு காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது.
எழுந்து எழுந்து என் கணினியில்
அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
சாதாரணச் சாளரத்தில்,
யார் வேண்டுமானாலும் என் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று.

மூன்றே முக்காலுக்கு
வரைபடத்தில் அந்தச் சிவப்புக் கோடு
பச்சையானது.