சாப்பிட்டாச்சா

வியாழன். மதியம் இரண்டரை.
சோஹார் துறைமுகச் சாலை முற்றத்தில்
வாடகை கிரேன்கள், கைவைக்க முடியாத சூட்டில்.

"ரெக்சலின் மேடம்தானே?
மஸ்கட் ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறேன்."
நல்ல தமிழ். எங்க தூத்துக்குடித் தமிழ்.

நாற்பத்தோரு பேர் சம்பளத்தை
பேங்க் திருப்பி அனுப்பிட்டதாம்.
பத்தே நிமிஷமாம்.
ஹிலால் சார் மீட்டிங்கிலாம், கூப்பிடக் கூடாதாம்.
என் போனுக்கு வரும் ஆறு எண்ணை
நிதானமாய் வாசித்தால் போதுமாம்.

வந்தது.
முதல் எண் நான்கு.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பதறாதீங்க. சாப்பிட்டாச்சா மேடம்?"

ஏழு வருஷத்தில்
ஹெட் ஆபீசிலிருந்து ஒருவரும்
என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"லைன்ல இருங்க" என்று சொல்லி
வைத்துவிட்டேன்.
சுவரில் ஒட்டியிருந்த பழைய எண்ணில்
ஹிலால் சாரை அழைத்தேன்.
மீட்டிங் இல்லை. தூக்கம்.
கத்தினார், அரபியில்,
இந்த நேரத்தில் என்ன போன் என்று.
அந்தக் கத்தலை எனக்கு நன்றாகத் தெரியும்.
அப்பாடா என்றிருந்தது.

மேசைமேல் போன்
நடுங்கி நடுங்கி நகர்ந்தது, ஸ்டேப்ளர் வரை.
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
மீன்குழம்பு ஆடை கட்டியிருந்தது.

"இன்னும் இல்ல தம்பி" என்றேன்,
எடுக்காமலே.