பதினைந்து வேற்றுமைகள்

ஃபின்னிஷ் மொழியில் வேற்றுமை பதினைந்து என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
என் ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு
அப்படி ஒன்றுகூடக் கிடையாது.
உருகுவேயின் சால்ட்டோவிலிருந்து
பேருந்து, இரண்டு விமானம், ஒரு ரயில்.
ஈசால்மியில் இறங்கியபோது கைவசம் இருந்தவை
நன்றி, மன்னிக்கவும்,
பத்து வரை எண்கள்.

காலணி வைக்க ஓர் இடம் ஒதுக்கி
பெயர் ஒட்டியிருந்தாள் தார்யா.
இக்னாசியா என்பது இன்காசியா ஆகியிருந்தது.
நான் திருத்தவில்லை.
பத்து மாதமும் அந்த இன்காசியாவின் மேல்தான்
ஈரக் காலணியைக் கழற்றி வைத்தேன்.

அங்கே யாரும் கத்த மாட்டார்கள்.
சண்டை என்றால்
பாத்திரம் கழுவும் இயந்திரத்தை யோவ்னி மூடும் விதம்.
அல்லது காலையில் காபி
இருவருக்குப் போட்டிருக்கிறதா, ஒருவருக்கா.
இரவில்தான் பேசுவார்கள். சுவர் மெல்லியது.
பாடப்புத்தகத்தில் ஆட்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டிருக்க,
சுவருக்கு அந்தப் பக்கம்
கடன் வாங்கினார்கள், மறைத்தார்கள், விற்றார்கள்.
எனக்கு இறந்தகாலம் சீக்கிரமே வந்துவிட்டது.

ஜனவரி. ஒன்பது மணிக்கும் விடியாத வகுப்பு.
கடைசி வரிசையில் தனித்தாளோடு இருப்பவளை
உற்சாகப்படுத்த நினைத்தார் ஆசிரியை.
'இருந்தால்' வைத்து ஒரு வாக்கியம்
சொல்லேன் என்றார். எழுந்து சொன்னேன்:

நீ சொல்லியிருந்தால்
நான் படகை விற்றிருக்க மாட்டேன்.

பிழையே இல்லை! எல்லோரும் கைதட்டுங்கள்!
தட்டினார்கள்.
மூன்றாம் வரிசையில் ஆப்போ,
தார்யாவின் மகன்,
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டியை
அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு உறைந்த ஏரியின் மேல் நடந்தோம்.
பாதி தூரம் பேச்சில்லை.
மன்னிக்கவும் என்ற சொல் இருந்தது என்னிடம்,
பத்திரமாக, முதல் நாளிலிருந்து.
அதை எந்த வேற்றுமையில் சொல்வது?
பனிக்குள்ளிருந்து துருத்திய ஒரு கட்டையை
அவன் பூட்ஸால் தட்டினான்.
இங்கேதான் கட்டியிருக்கும்.
அப்புறம்: ஆசிரியை தப்பு. உனக்கு ஒற்று விழுகிறது.
வெனெத்தா. நடுவில் அழுத்து.
வெனெத்தா, என்றேன்.
இன்னொரு தரம்.
வெனெத்தா.
ம், படகு வந்துவிட்டது, என்றான்.

மார்ச்சில் கடிதம். குடும்பச் சூழ்நிலை காரணமாக
மாணவி வேறு இல்லத்துக்கு மாற்றப்படுகிறார்.
என் துணிகளை ஒன்றுவிடாமல் இஸ்திரி போட்டாள் தார்யா,
காலுறைகளைக்கூட.
சாவியை மேசையில் வைத்தேன். யோவ்னி திருப்பித் தள்ளினார்.
விற்பனைப் பலகை வாசலில் நின்ற வீட்டின் சாவி.

அடுத்த வீட்டில் நான்கு வயது இரட்டையர்.
என் மொழி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.
யார் பெரிய கரண்டி, யார் சிறிய கரண்டி என்பதைத் தவிர
அங்கே சண்டையே இல்லை.
இரவு தூங்க முடியவில்லை, முதல் வாரம். சுவர் தடிமன்.

'இல்லாமல்' என்பதற்கென்றே ஒரு வேற்றுமை உண்டு.
பேச்சில் அரிது, பழைய தொடர்களில் மிச்சம்
என்றது புத்தகம்.
வினையோடு அது வரும்போது அப்படி அரிதொன்றும் இல்லை.
எங்கள் வீட்டில் தினமும் கேட்டேன்:
சொல்லாமல். கேட்காமல். பார்க்காமல்.

ஜூனில் ரயில் நிலையம்.
தார்யா நடைமேடையின் இந்த முனையில்,
யோவ்னி அந்த முனையில்,
நடுவில் பெட்டியோடு ஆப்போ, யார் பக்கமும் இல்லாமல்.
இந்தக் கதவருகே தார்யாவை அணைத்துவிட்டு ஏறி,
உள்ளேயே ஓடி,
யாருடைய மடியிலோ பையை இடித்து,
மூன்றாவது பெட்டியின் கதவிலிருந்து குனிந்து
யோவ்னியை அணைத்தேன். விசில்.

குவோப்பியோ தாண்டிப் பசித்தது.
இரண்டு பொட்டலத்தையும் பிரித்தேன்.
ஒரே கடையின் ரை ரொட்டி,
ஒரே மாதிரி கனமாக வெட்டிய பாலாடைக்கட்டி,
வெள்ளரிக்காய் மூன்று துண்டு.
எது யாருடையது என்று
தெரியாமல் தின்றேன்.